சக்கரத்துக்குள் சந்தனம்

என் வீட்டுக்காரர் குழந்தைவேலு வாயைத் திறந்தால் முதலில் வருவது ‘சீ’. அதற்கப்புறம்தான் மற்றப் பேச்சு. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் அப்படித்தான். காபித் தம்ளரை நீட்டினேன். “சீ, கருமம்!” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். காபியைச் சொன்னாரா, பெண்ணைச் சொன்னாரா என்று என் அம்மா ஒரு வாரம் புலம்பினாள். தலைச்சோலை பக்கம் காபி எஸ்டேட்டின் லைன் வீட்டில், பழத்தோல் குவிந்து அழுகும் நாற்றத்தில் பிறந்து வளர்ந்த ஆள், அதனால் காபியைக் கண்டாலே குமட்டும் என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்படிப்பட்ட ஆளுக்கு ஏற்காட்டுக் கடைவீதியில் டயர்க் கடை. எந்தப் புண்ணியவான் தலையில் எழுதினானோ! மலையேறி வருகிற கார்களைப் பார்த்திருக்கிறீர்களா? இருபது கொண்டை ஊசி வளைவு. சேலத்தில் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு ஏறுகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கக்கியது கதவில் வழிந்து, சக்கரம் வரைக்கும் காய்ந்து கிடக்கும். அந்தச் சக்கரத்துக்கு முன்னால்தான் இவர் குந்த வேண்டும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு வாளித் தண்ணீரை விசிறியடிப்பார். “ஏனுங்க, புரோட்டா எத்தன உள்ள போச்சு?” என்று கார்க்காரரையே கேட்டுவிடுவார். வருகிற கிராக்கியில் பாதி அந்தக் கேள்வியோடு ஓடிவிடும்.

ஆனால் வேலை சுத்தம். அதை நானே சொல்ல வேண்டும். எஸ்டேட் டிராக்டர் ஷெட்டில் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு நட்டையும் பழைய வேட்டித் துணியால் துடைத்துத்தான் மாட்டுவார். “ரெண்டு இரும்புக்கு நடுவால அழுக்குப் போனா, அது உசுரக் கேக்கும்” என்பார். அதே மனுஷன் குளித்த ஈரத் துண்டை என் கட்டில்மேல் வீசுவார். அதற்கு மட்டும் ‘சீ’ கிடையாது.

என் தம்பி ராஜ்குமார் மஞ்சக்குட்டையில் இருக்கிறான். சுற்றுலா வருகிறவர்களுக்குக் கார் ஓட்டுகிறான். அவன் பெண்டாட்டி பானு ஏழு மாசம். அந்த நேரத்தில்தான் அவனுக்குப் புத்தி புல் மேயப் போயிற்று. ஒரு நாள் அட்டைப்பெட்டியோடு கடைக்கு வந்தான். உள்ளே நாலு அலுமினிய வட்டத் தட்டு. ஸ்பேசராம். சக்கரத்துக்கும் அது உட்காருகிற ஹப்புக்கும் நடுவில் இதைச் சொருகினால் சக்கரம் மட்கார்டை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்குமாம்.

“இதெதுக்குடா மாப்ள?” என்றார் இவர்.

“வண்டி நின்னா ஒரு கெத்தா இருக்கும் மச்சான். வர்ற பசங்க இந்த மாதிரி வண்டியத்தான் தேடறாங்க. பானுவ வளைகாப்பு முடிஞ்சு அவங்கம்மா ஊட்டுக்கு அனுப்பறப்ப இதுல ஜம்முனு அனுப்போணும்.”

ஒரு தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விரலால் நடு ஓட்டையைத் தடவினார். அதைப் பீ அள்ளுகிற மாதிரி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, “சீ! இதென்னடா கண்றாவி? தகர டப்பா மூடியாட்டம்! ஓட்டை பெருசு, ஹப்புல புடிக்காது. போல்ட்டு நீளம் பத்தாது, நட்டு நுனியில தொத்திக்கிட்டு நிக்கும். எவன் தலையில கட்டுனான் இத?” என்றவர், பெட்டியோடு தூக்கிச் சாக்கடையில் வீசிவிட்டார். கடைவீதியே பார்த்துச் சிரித்தது.

ராஜ்குமார் சாக்கடையில் இறங்கி நாலையும் பொறுக்கினான். முகம் கறுத்துப் போயிற்று. “மச்சானாச்சேன்னு வந்தேன் பாருங்க, என்னையச் செருப்பால அடிக்கோணும்” என்று சொல்லிவிட்டுப் போனான். நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை.

வளைகாப்புக்கு மஞ்சக்குட்டை போனோம். இவர் வர மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டுதான் வந்தார். பானு இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல் குலுங்க உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம். கண் பட்டுவிடும் போலிருந்தது. சாப்பாடு முடிந்தது. ராகு காலம் வருவதற்குள் கிளம்ப வேண்டும் என்று அவள் அம்மா அருக்காணி எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். குப்பனூர் பாதை வழியாகக் கீழே இறங்க வேண்டும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம்.

ராஜ்குமார் காரைத் திருப்பி வாசலில் நிறுத்தினான். நாலு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டு தவளை கால் பரப்பின மாதிரி நின்றது. இவர் பார்த்தார். “சீ” என்று வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திக் காதைச் சாய்த்தார். ராஜ்குமார் இன்னும் கொஞ்சம் ஓரமாக ஒடித்தபோது முன் சக்கரத்திலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். எனக்கே கேட்டது.

“எங்கடா மாட்டுன?”

“நானேதான். நேத்து மத்தியானம், வாசல்ல வெச்சு. வீடியோ பார்த்து மாட்டுனேன். உங்க தயவு ஒண்ணும் வேணாங்க.”

இவர் போய்ச் சக்கரத்துக்கு முன்னால் குந்தினார். ரிம்மின் ஓரத்தில் மஞ்சளாகத் தூள் உதிர்ந்திருந்தது. விரலால் எடுத்து மோந்து பார்த்தார். எழுந்து, காரின் டிக்கியைத் திறந்து ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்தார்.

“இந்த வண்டி நவுரக் கூடாது. சக்கரத்தக் கழட்டோணும்.”

ஐயையோ, வீடே கத்திற்று! “புள்ளத்தாச்சி ஏறப் போற வண்டியில சக்கரத்தக் கழட்டறதா? நல்ல நாளும் அதுவுமா இதென்ன பேச்சுங்க?” என்று அருக்காணி தலையில் அடித்துக்கொண்டாள். ராஜ்குமார் ஸ்பேனரைப் பிடுங்க வந்தான். “என்னைய அன்னைக்குச் சந்தி சிரிக்க வெச்சீங்க. இன்னைக்கு என் ஊட்டு வாசல்லயுமா?”

பானு என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. எல்லோரையும் விலக்கிப் போய்க் கார்ச் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

“கழட்டுங்க. அபசகுனம் என் தலையில வரட்டும்.”

கழற்றினார். நட்டில் ஸ்பேனரை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாரோ இல்லையோ, நாலு சுற்றில் கையோடு வந்துவிட்டது. இரண்டாவதை விரலாலேயே திருகி எடுத்தார். சக்கரத்தை இழுத்தபோது ஸ்பேசர் தானாக நழுவிக் காலடியில் விழுந்தது. உள்ளே ஹப்பின் முகம் முழுக்கக் காய்ந்து வெடித்த சந்தனம். நடுவில் குங்குமப் பொட்டு வேறு. பசையாக இருந்தபோது அதன்மேல் நட்டை முறுக்கியிருக்கிறான். காய்ந்து உதிர உதிரச் சக்கரம் ஆட ஆரம்பித்திருக்கிறது.

“சீ! எந்த முட்டாப்பய பூசுனான் இத?” என்று இவர் கத்தினார்.

வளையல் சத்தம் கேட்டது. பானு முன்னால் வந்து நின்றாள்.

“நாந்தானுங்கண்ணா. புதுச் சாமான் மாட்டறாங்களேன்னு, ஒவ்வொரு சக்கரமா கழட்டறப்ப உள்ளாற பூசுனேன். அவரு தினம் மலையில ஓட்டறவரு, சாமி காப்பாத்தட்டும்னு…” வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இவர் வாயில் அடுத்த ‘சீ’ வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. அதற்குள் நான் குறுக்கே போய் நின்றேன்.

“நிறுத்துங்க! இந்தப் புள்ள மேல பாயாதீங்க. அன்னைக்கு அவன் உங்ககிட்டத்தான மொதல்ல வந்தான்? உக்கார வெச்சு, இது ஆகாதுடா, இதனாலன்னு நாலு வார்த்தை சொன்னீங்களா? சாக்கடையில வீசுனீங்க. அவன் ரோசத்துல தானே மாட்டிக்கிட்டான். சந்தனம் பாதி கெடுத்துச்சுன்னா, உங்க ‘சீ’ பாதி கெடுத்துச்சு!”

இவர் மறுபடியும் குந்தினார். நாலு சக்கரத்தையும் கழற்றினார். சந்தனத்தைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும் வரைக்கும் தேய்த்தார். ஸ்பேசர் இல்லாமல் சக்கரத்தை மாட்டி, நட்டுகளை எதிரும் புதிருமாக முறுக்கினார். ராகு காலம் வந்து, இருந்து, போயே போய்விட்டது. கடைசியில் எழுந்து பானுவிடம், “போயிட்டு வா சாமி. அழுவாத” என்றார். அந்த மனுஷன் வாயிலிருந்து ‘சாமி’ என்று கொஞ்சி ஒரு வார்த்தை வந்து நான் அதுவரைக்கும் கேட்டதில்லை.

பெண் குழந்தை பிறந்தது. குழந்தையோடு பானு மலைக்குத் திரும்பி வந்த பிறகு, ராஜ்குமார் மறுபடியும் ஒரு பெட்டியோடு கடைக்கு வந்தான். திருந்துகிற ஜென்மமா அது? வாசலிலேயே நின்றான், சாக்கடையைப் பார்த்துக்கொண்டு. காரிலிருந்து பானுவும் குழந்தையோடு இறங்கினாள்.

இவர் முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆயிற்று. ஆனால் ஸ்டூலை இழுத்துப் போட்டு, “உக்காரு. காட்டு” என்றார்.

இந்தத் தடவை தட்டு கனமாக இருந்தது. நடு ஓட்டை ஹப்பில் ஆடாமல் கச்சிதமாகப் பிடித்தது. ஹப்பில் பூட்டத் தனி நட்டு, சக்கரத்துக்குத் தனி போல்ட். இவர் எல்லாவற்றையும் துடைத்து, முதலில் கையாலேயே திருகி, அப்புறம் இறுக்கத்தை அளக்கிற ரெஞ்சு ‘கிளிக்’ என்று சொல்லும் வரைக்கும் முறுக்கினார். ஸ்டியரிங்கைக் கோடிக்குக் கோடி திருப்பச் சொல்லி, டயர் எங்கேயாவது உரசுகிறதா என்று குனிந்து பார்த்தார். முறுக்க முறுக்கத் திட்டிக்கொண்டேதான் இருந்தார்.

“இவ்வளவு அருவருப்பா இருந்தா எதுக்குங்க மாட்டறீங்க?” என்றேன்.

“நான் மாட்டலைன்னா அவனே மாட்டிக்குவான். மறுபடியும் அந்தக் கொழந்த அதுல உக்காரும்.”

பானு பயந்துகொண்டே சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். அவர் ஒரு விரலால் தொட்டு, நாலு சக்கரத்திலும் வெளிப் பக்கம் ஒவ்வொரு பொட்டு வைத்தார். கார் கிளம்பிப் போயிற்று.

“சீ, கண்றாவி, பார்க்கச் சகிக்கல” என்றார். “ஏய், நாளைக்கு அவனுக்குப் போனப் போட்டுக் கூப்புடு. ஓடுனதுக்கப்புறம் நட்ட மறுபடியும் முறுக்கிப் பார்க்கோணும். கழுத, மறந்துருவான்.”