தையல் பொம்மை கோர்ட்டுக்குப் போன நாள்

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் என் மனைவி ரவிக்கை தைக்கிறாள். தைத்து முடித்ததைத் தையல் பொம்மைக்கு மாட்டி, முதுகுப் பக்கம் தெரியும்படி செல்போனில் படம் எடுப்பாள். மாதக் கட்டணம் கட்டி வாங்கிய கிளவுட் சேமிப்பில்தான் அத்தனை படங்களும் இருந்தன. கல்யாண வீட்டார் வந்தால் போனை நீட்டுவாள். அவர்கள் தள்ளித் தள்ளிப் பார்த்து மாடலைத் தேர்ந்தெடுப்பார்கள். வாடிக்கையாளர்களின் அளவுகளும் அதிலேயே.

போன வருடம் ஆவணி முகூர்த்தங்களுக்குச் சற்று முன் அந்தக் கணக்கு திறக்கவில்லை. ஆபாசப் படங்கள் இருந்ததால் எல்லாவற்றையும் அழித்துவிட்டதாக நிறுவனத்தின் மின்னஞ்சல் சொன்னது. முறையிட்டோம். அதே வாசகம் திரும்பி வந்தது. மறுபடி முறையிட்டோம், ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"தலையில்லாத பொம்மையில என்னங்க ஆபாசம்?" என்று அவள் என்னிடம் சண்டைக்கு வந்தாள், நான்தான் அழித்தது போல.

எதிர்வீட்டு அக்கா தேற்றினார்: "ஏட்டி, விடு. நீ வச்சிருந்த என் அளவு இப்ப என் கைக்கே பத்தாது."

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். அவர் விவரங்களைக் கேட்டுக்கொண்டார். "பணம் கட்டியிருக்கீங்க, அதனால நீங்க நுகர்வோர். அவங்க ஆபீஸ் எங்க இருந்தாலும் வழக்கை இங்கேயே போடலாம். படத்தைத்தான் அழிச்சிட்டாங்களே, பொம்மையவே கூட்டிட்டு வாங்க."

விசாரணையன்று, பானைக் கழுத்து வைத்து முதுகில் கயிறு கட்டிய ரவிக்கையை மாட்டி, பொம்மையோடு டவுன் பஸ் ஏறினோம். ஜன்னலோரத்தில் அதை உட்கார வைத்தாள்.

"இதுக்கும் டிக்கெட் எடுக்கணுமா?" என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"பொம்பளைக்கு ஃப்ரீதான், அண்ணாச்சி. உங்களுக்கு மட்டும் எடுங்க."

பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள், படங்கள் போன பிறகு அன்றுதான்.

நுகர்வோர் மன்றத்தில் நிறுவனத்தின் வக்கீல் விதிமுறைகளை வாசித்தார். எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம், எந்த இழப்புக்கும் பொறுப்பில்லை, இதற்கெல்லாம் மனுதாரர் சம்மதித்திருக்கிறார் என்றார்.

விசாரித்த பெண் உறுப்பினர் கேட்டார்: "அழிக்கிறதுக்கு முன்னால ஒரு மனுஷராவது பார்த்தாங்களா?"

"கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சுடும், மேடம்."

"சரி, இப்ப நீங்க பாருங்க. இதுல எது ஆபாசம்?"

வக்கீல் பொம்மையைச் சுற்றி வந்தார். "இதுல ஒண்ணுமில்ல, மேடம்."

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. காசு வாங்கிக்கொண்டு பாதுகாக்க ஒப்புக்கொண்டதைப் பார்க்காமலே அழித்தது சேவைக் குறைபாடு. பொறுப்பில்லை என்று தாங்களே எழுதிக்கொண்டால் பொறுப்பு போய்விடாது. படங்களைத் திருப்பித் தர வேண்டும், முடியாவிட்டால் நஷ்டஈடு. படங்களை மீட்க வழியில்லை என்று சொல்லி நிறுவனம் நஷ்டஈட்டை அனுப்பியது.

"அப்ப படம் வராதா?" அவளுக்கு முகம் வாடிவிட்டது.

மறுநாளே தெளிந்து, தன்னிடம் தைத்தவர்களுக்கெல்லாம் சொல்லியனுப்பினாள்: பழைய ரவிக்கைகளை ஒருமுறை கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. ஒவ்வொன்றாகப் பொம்மைக்கு மாட்டிப் படமெடுத்தாள். நான் உடனுக்குடன் இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றினேன். எல்லாம் கிடைக்கவில்லை, ஆனாலும் மாலைக்குள் கல்யாண வீட்டாருக்கு நீட்டும் அளவுக்குச் சேர்ந்துவிட்டது.

எதிர்வீட்டு அக்கா தன் பழைய ரவிக்கையைப் பொம்மை மேல் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ மட்டும் எப்படிட்டி அப்படியே இருக்கா? படம் எடுத்தது போதும், டேப்பை எடுத்துட்டு வா."