திசாப் புல் நின்ற சரிவு

லிபெர்த்தாத் தெருவில் நான் வீட்டுவேலை செய்த இத்தாலிய அம்மா, நான் சிஞோரா என்று கூப்பிடுபவர், பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்கு வெளியே, கடலைப் பார்த்த ஒரு மலைச்சரிவுக்குப் புல் பிடுங்கப் போவார். அவரோடு போய்வந்த இரண்டு சிநேகிதிகளில் ஒருவர் இறந்துபோனார். மற்றவர் மகனோடு வடக்கே போய்விட்டார். பிறகு சிஞோராவுக்கு முழங்காலில் ஒப்பரேஷன் நடந்தது.

"ஞாயிறு உனக்கு லீவு எண்டு தெரியும்," என்றார் ஒருநாள், தயங்கித் தயங்கி. "ஒருக்கா மட்டும் என்னோடை வருவியா?"

ஒருதடவை என்று போனவள் மூன்று வருடம் போனேன்.

அந்தச் சரிவில் காலங்காலமாக நின்றது திசா என்ற புல். ஆள் உயரம், கை வைத்தால் கீறும். அதன் அடியில் மாசி, பங்குனியில் தேனீயைப் போலவே இருக்கும் சின்ன ஓர்க்கிட் பூக்கள் வரும். முதன்முதலில் பூவென்று தெரியாமல் கையால் விரட்டப் போனேன். சிஞோரா வயிறு நோகச் சிரித்தார்.

நாங்கள் பிடுங்கியது வேறு புல். ஆபிரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்து தோட்டங்களில் நட்டது, விதை காற்றில் பறந்து தெருவோரமாய் வந்து மலையிலும் ஏறித் திசாவை நெருக்கத் தொடங்கிவிட்டது. பூனை வாலைப் போல, இளஞ்சிவப்பில் பஞ்சுக்கதிர். முதலில் கதிர்களை வெட்டிப் பைக்குள் கட்ட வேண்டும். பிறகுதான் அலவாங்கால் வேரைக் கிளப்பலாம். சிஞோரா ஒரு மடக்குக் கதிரையில் உட்கார்ந்தபடி கதிர் வெட்டுவார், நான் கிளப்புவேன். தொடக்கத்தில் அவர் அதை "அந்நியப் புல்" என்றுதான் சொல்லுவார். சில கிழமைகளில் அந்தச் சொல்லை விட்டுவிட்டு "பஞ்சுப் புல்" என்றார். வேறு நாட்டிலிருந்து வந்த எனக்கு, ஏன் மாற்றினார் என்று விளங்கியது.

ஒருநாள் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் தமிழ் ஆட்கள் சிலர், கைநிறையப் பஞ்சுக்கதிரோடு சரிவால் இறங்கி வந்தார்கள்.

"பீடத்துக்கு வைக்கப் போறம் அக்கா. வடிவெல்லோ?"

"வடிவுதான் பிள்ளை. ஆனா போற வழியெல்லாம் விதை கொட்டுது. இந்தப் பைக்குள்ளை போட்டுக்கொண்டு போங்கோ."

"புல்லுக்கு ஏனக்கா இவ்வளவு கரைச்சல்?" என்று ஒருத்தி சிரித்தாள். ஆனாலும் பையை வாங்கிக்கொண்டாள். சிஞோரா அதைப் பார்த்து அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

போன ஆவணியில் சிரோக்கோ என்கிற தெற்கத்தி வெப்பக்காற்று மூன்று நாள் அடித்தது. பிரான்காச்சோவில் எங்கள் வீட்டுப் பல்கனியில் காயப்போட்ட உடுப்பெல்லாம் சாம்பல். மலைப்பக்கம் புகை எழும்பி நின்றது. காய்ந்த பஞ்சுப் புல் நெருப்பை ஏணிபோல மேலே ஏற்றியிருக்கிறது. எங்கள் சரிவும் எரிந்துவிட்டதைச் சிஞோராவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

முதல் மழைக்குப் பிறகு நான் போய்ப் பார்க்க வெளிக்கிட்டேன்.

"எரிஞ்ச மலையிலை என்னத்தைப் புடுங்கப் போறீர்?" என்றார் என் கணவர்.

"புடுங்க இல்லை. பாக்கப் போறன்."

தூரத்திலிருந்து பச்சை தெரிந்ததும் ஓடாத குறையாக ஏறினேன். கிட்டப் போய்த்தான் பார்த்தேன். அவ்வளவும் பஞ்சுப் புல். நாங்கள் துப்புரவாக்கிய இடம் எது, விட்ட இடம் எது என்று அடையாளம் பிடிக்க முடியவில்லை. திசாவும் வேரிலிருந்து துளிர்க்கக் கூடியதுதான். பஞ்சுப் புல் முந்திவிட்டது. கருகிய கல்லொன்றில் குந்தியிருந்து அழுதேன். ஊரில் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோதுகூட நான் அப்படி அழவில்லை.

திங்கட்கிழமை சிஞோராவுக்கு நான் போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"திசா?"

"மேலை பாறைப் பக்கம் கொஞ்சம் நிக்குது."

"கீழை?"

"இல்லை, சிஞோரா."

போனைத் திருப்பித் தந்தார். மேசையில் நான் உரித்துக்கொண்டிருந்த அவரையை எடுத்துத் தானும் உரிக்கத் தொடங்கினார். உரித்தபடியே, "இனி ஞாயிறிலை உன்ரை பிள்ளையளோடை வீட்டிலை நில்," என்றார்.

"நான் வருவன்."

"வேண்டாம். எனக்கு ஏலாது."

அந்த மாரியிலேயே அவருடைய தம்பியின் மகள் வந்து அவரை வடக்கே தோரினோவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இடைக்கிடை போன் எடுப்பார். என் பிள்ளைகளின் படிப்பை, என் முதுகு நோவைப் பற்றிக் கேட்பார். மலையைப் பற்றிக் கேட்கமாட்டார். நானும் தொடங்கமாட்டேன்.

பங்குனியில் ஒரு ஞாயிறு தனியாகப் பாறைப் பக்கம் ஏறினேன். மிஞ்சிய திசாவைச் சுற்றிலும் பஞ்சுப் புல் நெருக்கிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் பிடுங்கினேன். ஓர்க்கிட் ஒன்றும் காணவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, இறங்கி வந்தேன்.