ஐந்தாம் பெர்த்தில் தண்ணீர் இல்லாத நாள்

ஆக்குடுக் துறைமுகத்தில் காலை ஆறு மணிக்கு நடக்கும் முதல் வேலை, குல்பாஷ் ஒரு பலகையைப் பார்ப்பது. கப்பல்கள் வந்து கட்டும் முதல் பெர்த்தின் ஓரத்தில், தண்ணீருக்குள் நட்டு, சென்டிமீட்டர் கோடு போட்ட பலகை. மூன்றாம் மாடிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து தொலைநோக்கியில் பார்த்து, கண்ட எண்ணைப் பதிவேட்டில் எழுதுவாள். எழுதிய பிறகுதான் பால் ஊற்றிய தேநீர். ஐம்பத்து மூன்று வயதில், இருபத்தாறு ஆண்டு வேலையில், இந்த வரிசை மாறியதில்லை.

அதற்கு முன்னால் ஒரு ரயில் நிலையக் குடியிருப்பில் கணக்கு வாத்தியாராக இருந்தவள். பள்ளியில் பிள்ளைகள் நாலு பேராகக் குறைந்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள். கணவன் ஒரின்பசாருக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை கிடைக்க, மூட்டை முடிச்சோடு கூட வந்தாள். கட்டுப்பாட்டு அறைக்குப் புரியும்படி எழுதும் ஆள் ஒருவர் வேண்டியிருந்தது. குல்பாஷின் கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது. அதுவரை அவள் கடலைப் பார்த்ததில்லை. வேலையில் சேர்ந்த அன்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “ஆழம் எவ்வளவு?” என்று கேட்டாள். அறையில் இருந்த மூன்று பேரும் மூன்று எண் சொன்னார்கள். அப்போதே அவளுக்கு இது சரிப்பட்டு வராது என்று தோன்றியதாம்.

இரண்டு வருடத்தில் அந்த அறையில் என்ன நடந்தாலும் அவளைக் கேட்டு நடந்தது. வருகிற கப்பல் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு முன்னால் தகவல் அனுப்ப வேண்டும். பிறகு இருபத்து நாலு மணி நேரத்துக்கு முன்னால், பிறகு நாலு மணி நேரத்துக்கு முன்னால். நீளம், அகலம், சரக்கு, கடைசியாகத் தொட்ட துறைமுகம், யாருக்காவது காய்ச்சல் உண்டா, இறக்க வேண்டிய குப்பை எத்தனை மூட்டை. எல்லாவற்றையும் விட முக்கியமாக, கப்பலின் அடி தண்ணீருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது. அதை அங்கே எல்லாரும் ‘இறக்கம்’ என்றார்கள். கடல் தரைக்கும் கப்பலின் அடிக்கும் நடுவே முப்பது சென்டிமீட்டர் தண்ணீராவது இருந்தாக வேண்டும். இல்லையென்றால் உள்ளே விடமாட்டாள். புயல் எச்சரிக்கையையும் சமையல்காரனின் பல்வலியையும் ஒரே குரலில் வயர்லெஸ்ஸில் சொல்வாள். மகளுக்குக் குழந்தை பிறந்த செய்தியை ஒரின்பசார் போனில் சொன்னபோது, “எவ்வளவு?” என்றாள். “மூணு கிலோ நானூறு” என்றான். “சரி” என்று சொல்லி, கை பழக்கத்தில் பதிவேட்டில் எழுதிவிட்டாள். அது இன்னமும் அங்கே இருக்கிறது, ஒரு பார்லிக் கப்பலுக்கும் ஒரு ஆட்டுக் கப்பலுக்கும் நடுவில்.

கேப்டன்களுக்கு அவளைப் பிடிக்காது. அதிகமாகப் பிடிக்காதவர் பாகூவிலிருந்து ‘துர்னா’ என்ற கப்பலில் வரும் ஆகாசலீம். அவளுக்கும் அவருக்கும் பதினாறு வருடச் சண்டை, பத்து சென்டிமீட்டரைப் பற்றி. இறக்கத்தை எப்போதும் பத்து குறைத்தே சொல்வார். அவள் தொலைநோக்கியில் கப்பல் மூக்கில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்வாள்.

“குல்பாஷ் ஹானும், உங்க கண்ணாடிய மாத்துங்க” என்பார் அவர். அவர் ஊரில் பெண்களை மரியாதையாக ஹானும் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“போன மாசம்தான் மாத்தினேன் கேப்டன். அதான் இன்னும் தெளிவாத் தெரியுது.”

“பத்து சென்டிமீட்டர்ல என்னங்க இருக்கு? ஒரு டீ கிளாஸ் உயரம்.”

“ஒரு டீ கிளாஸ் மேல உங்க கப்பல நிறுத்திக் காட்டுங்க, விடறேன்.”

இதற்கிடையில் கடல் மட்டம் வருடா வருடம் தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. குல்பாஷ் வேலைக்குச் சேர்ந்தபோது முதல் பெர்த்துக்கு ஐந்து மீட்டர் இறக்கமுள்ள கப்பலையும் விட்டார்கள். இப்போது நாலைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். அதனால்தான் தோண்டு கப்பல் வரவழைத்து, எட்டு மாதம் சேறு வாரி, ஐந்தாம் பெர்த் என்று புதிதாக ஒன்று கட்டினார்கள். சாதாரண நாளில் அங்கே நாலு மீட்டர் அறுபது ஆழம். திறந்து வைக்கத் தலைநகரிலிருந்து துணை அமைச்சர் வருவதாக ஏற்பாடு. பதினொரு மணிக்கு ரிப்பன். அந்த நேரம் பெர்த்தில் ஒரு கப்பல் கட்டியிருக்க வேண்டும். தற்செயலாக முறை வந்தது துர்னாவுக்கு, முப்பத்தாறு கன்டெய்னரோடு.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் கிழக்குக் காற்று கிளம்பியது. புல்வெளியிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று அது. நிற்காமல் அடித்தால் கரையோரத் தண்ணீரை அப்படியே மேற்கே தள்ளிக்கொண்டு போய்விடும். விழா நாள் காலை ஆறு மணிக்கு குல்பாஷ் பலகையைப் பார்த்தாள். கணக்குப் போட்டாள். ஐந்தாம் பெர்த்தில் நாலு மீட்டர் இருபத்தைந்து. இன்னும் இறங்கும்.

வெளியே நங்கூரமிட்டு நின்ற துர்னாவைக் கூப்பிட்டாள். “இறக்கம் சொல்லுங்க கேப்டன்.”

“நாலு பத்து” என்றார் ஆகாசலீம்.

குல்பாஷ் தொலைநோக்கியில் கப்பல் மூக்கைப் பார்த்தாள்; அங்கேயும் நாலு பத்துதான். பதினாறு வருடத்தில் அவர் உண்மையான எண்ணைச் சொன்னது அதுதான் முதல் தடவை. “உடம்பு நல்லாருக்கா?” என்று கேட்டாள்.

“காத்து எனக்கும் தெரியுதுல்ல ஹானும்.”

எட்டு மணிக்குத் துறைமுகத் தலைவர் நூர்லிபாய் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். புதுக் கோட்டு, நீல டை. அவரை மரியாதையாக எல்லாரும் நூரேகே என்பார்கள். குல்பாஷும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

“துர்னாவ உள்ள விட்டாச்சா?”

“இல்ல நூரேகே. விட முடியாது. முப்பது வேணும், பதினஞ்சு இருக்கு. பதினோரு மணிக்கு அதுவும் இருக்காது.”

“பதினோரு மணிக்கு அமைச்சர் வரார், குல்பாஷ்.”

“தெரியும். காத்துக்குத்தான் தெரியல.”

“டிவிக்காரங்க வராங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்க தோம்ப்ரா வாசிக்கப் போறாங்க. கப்பல் இல்லாத பெர்த்த எப்படித் திறக்கிறது? வெறும் சுவரு மாதிரி இருக்கும்.”

“சுவருதானே நூரேகே.”

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மோசமான மனிதர் இல்லை. குல்பாஷின் கணவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவத்துக்காகத் தண்ணீர் ஏறாது.

“வேற வழியே இல்லையா?”

“இருக்கு. நான் அனுமதி தரமாட்டேன். நீங்க தரலாம். விதியில இடம் இருக்கு.” பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள். “இந்தக் கட்டத்துல காரணம், இதுல கையெழுத்து, இதுல நேரம்.”

நூர்லிபாய் அந்தக் கட்டங்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு காரணம் என்ற கட்டத்தில் ‘விழா’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேரம் போட மறந்தார். குல்பாஷ் விரலால் தொட்டுக் காட்டினாள். அதையும் போட்டார்.

வயர்லெஸ்ஸில் அவள் சொன்னாள்: “துர்னா, ஐந்தாம் பெர்த்துக்குத் துறைமுகத் தலைவர் அனுமதி இருக்கு. கட்டுப்பாட்டு அறை அனுமதி இல்ல. ரெண்டும் பதிவாயிருக்கு. அடியில புதுச் சேறு, கல் கிடையாது. மெதுவா வாங்க.”

“புரிஞ்சுது” என்றார் ஆகாசலீம். “கல் இல்லைன்னு சொன்னதுக்கு நன்றி.”

பத்து இருபதுக்கு, இழுவைப் படகு முன்னால் போக, துர்னா ஐந்தாம் பெர்த்தை ஒட்டி நின்றது. கயிறு கட்டினார்கள். பத்து ஐம்பதுக்கு குல்பாஷ் தொலைநோக்கியில் பார்த்தபோது கப்பல் மூக்கில் இருந்த எண்கள் அசைவதை நிறுத்திவிட்டிருந்தன. அலை மட்டும் அவற்றின் மேல் ஏறி இறங்கியது. அவள் பதிவேட்டில் எழுதினாள்: ‘10.50. துர்னா அமர்ந்தது.’ கப்பலில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இன்னும் சிறிது நேரத்தில் முப்பது பேர் ஏறப்போகிறார்கள்.

துணை அமைச்சர் நேரத்துக்கு வந்தார். ரிப்பன் வெட்டினார். வழக்கப்படி பெண்கள் வாழ்த்திக் கைநிறைய மிட்டாய் எறிந்தார்கள். கிழக்குக் காற்று அத்தனையையும் கப்பல் மேல்தளத்துக்குக் கொண்டுபோய்விட, மாலுமிகள் பொறுக்கித் தின்றார்கள். பிறகு அமைச்சர் பரிவாரத்தோடு கப்பலில் ஏறினார். ஆகாசலீம் தன் அறையில் எலுமிச்சையும் செர்ரி ஜாமும் வைத்துத் தேநீர் கொடுத்தார். நூர்லிபாய் கதவோரம் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அமைச்சர் கிளாஸை உற்றுப் பார்த்தார். “ஆச்சரியமா இருக்கே. வெளிய இவ்ளோ காத்து, உள்ள டீ கூட அசையல. என் வீட்டுக்காரிக்குக் கப்பல்னாலே தலை சுத்தும். இதுல கூட்டிட்டு வந்திருக்கலாம் போல.”

“இன்னைக்கு வந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதுங்க” என்றார் ஆகாசலீம்.

“நல்ல கப்பல். ஒரு சுத்து போயிட்டு வரலாமா? டிவிக்காரங்களுக்கும் படம் கிடைக்கும்.”

நூர்லிபாய் துடைப்பதை நிறுத்தினார். ஆகாசலீம் அவரைப் பார்த்தார். பிறகு, “கப்பல் கிளம்பக் கட்டுப்பாட்டு அறை அனுமதி வேணுங்க” என்றார்.

“கொண்டாங்க, நானே கேக்கறேன்.” அமைச்சர் வயர்லெஸ்ஸை வாங்கிக்கொண்டார். “ஹலோ, நான் துணை அமைச்சர் பேசறேன். அங்க யாரு?”

“கட்டுப்பாட்டு அறை. குல்பாஷ்.”

“குல்பாஷ் அக்கா, நாங்க இந்தக் கப்பல்ல ஒரு சுத்து போயிட்டு வரலாமா?”

“முடியாதுங்க. கப்பலுக்கு அடியில தண்ணி இல்ல.”

அமைச்சர் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

“வேடிக்கைக்குச் சொல்லலங்க” என்றாள் குல்பாஷ். “பத்து அம்பதுல இருந்து கப்பல் தரையில உக்காந்திருக்கு.”

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அமைச்சர் கையிலிருந்த கிளாஸை மறுபடி பார்த்தார். “எப்ப எழும்பும்?”

“காத்து மாறினா. நாளான்னைக்குக் காலைல.”

“அதுவரைக்கும் நான் என்ன பண்றது?”

“நீங்க இறங்கிப் போலாங்க. ஏணி இருக்கு.”

அமைச்சர் கிளாஸை மேஜையில் வைக்கும் சத்தம் வயர்லெஸ்ஸில் கேட்டது. பிறகு அமைச்சர், “இத உள்ள விடச் சொன்னது யாரு?” என்று கேட்டார்.

குல்பாஷுக்கு அந்தக் கேள்வி வரும் என்று தெரியும். காலையிலிருந்தே அதற்கு என்ன சொல்வது என்று யோசித்திருந்தாள். தெரியாது என்று சொல்லலாம். நான்தான் என்றும் சொல்லலாம். முதுகு பிடித்த கணவனைத் தாங்கிக் காரில் ஏற்றிய அந்த மனிதர் இப்போது அமைச்சருக்குப் பக்கத்தில் நிற்கிறார். “பதிவேட்டுல இருக்குங்க” என்றாள்.

“நான்தாங்க” என்றார் கதவோரம் இருந்து நூர்லிபாய். வயர்லெஸ் அழுத்தியபடியே இருந்ததால் அது துறைமுகம் முழுக்கக் கேட்டது. “குல்பாஷ் வேண்டாம்னு சொன்னாங்க. நான்தான் விடச் சொன்னேன்.”

அமைச்சர் ஏணி வழியாக இறங்கினார். விருந்துக்குப் போய்க் குதிரைக்கறி சாப்பிட்டார். மேடையில் பேசும்போது, இவ்வளவு உறுதியான துறைமுகத்தைத் தான் பார்த்ததில்லை என்றார். யாருக்கும் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கடைசியில் தட்டினார்கள்.

விருந்து முடிவதற்குள் நூர்லிபாய் மறுபடி மாடியேறி வந்தார். டை அவிழ்ந்திருந்தது. “கன்டெய்னர இறக்கினா கப்பல் லேசாகி எழும்பும்தானே? ஒரின்பசார வேலையத் தொடங்கச் சொல்லு.”

“காத்து செகண்டுக்குப் பதினாறு மீட்டர். பதினஞ்சுக்கு மேல கிரேன் ஓடக் கூடாது.”

“ஒரு மீட்டர் குல்பாஷ்!”

“மேல ஏறி உக்கார வேண்டியது என் புருஷன் நூரேகே. வேற யாரா இருந்தாலும் இதான் சொல்வேன். ஆனா இன்னைக்கு ரெண்டு தடவ சொல்வேன்.”

இந்த முறை அவர் பதிவேட்டைக் கேட்கவில்லை. ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்தார். ஒரின்பசார் கிரேனிலிருந்து இறங்கி, மனைவி பொரித்துக் கட்டிக் கொடுத்த பவுர்சாக் ரொட்டியைச் சுவரின் மறைவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குல்பாஷ் இரண்டாவது கோப்பை எடுத்து அவருக்கும் தேநீர் ஊற்றினாள். “நீங்க அங்க சொன்னதக் கேட்டேன்” என்றாள். அவர் தலையாட்டினார். பால் போதுமா என்று கேட்டாள். போதும் என்றார்.

மறுநாள் காற்று தணிந்ததும் ஒரின்பசார் இருபக்கமும் சமமாக இருபத்திரண்டு கன்டெய்னரை இறக்கினான். அதற்கு அடுத்த நாள் காலை காற்று மேற்கே திரும்பியது. துர்னா யாருக்கும் தெரியாமல் எழுந்து நின்றது. அடியில் ஒரு கீறல் இல்லை. மிச்சத்தையும் இறக்கிவிட்டு வெறும் கப்பலாகப் பாகூவுக்குத் திரும்பினார் ஆகாசலீம். அடுத்த பயணத்திலிருந்து பழையபடி பத்து குறைத்துச் சொன்னார்.

விசாரணை மூன்று வாரம் நடந்தது. நூர்லிபாயைக் கடலே இல்லாத ஒரு மாகாணத்துக்கு, தானியக் கிடங்குக்கு மாற்றினார்கள். புறப்படும் அன்று குல்பாஷ் ஒரு பெரிய பாட்டில் நிறைய ஒட்டகப் பாலில் புளிக்கவைத்த ஷுபாத்தும் உலர்ந்த மீனும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அங்கே நல்லபடியாக இருப்பதாகவும், எலிதான் தொல்லை என்றும் போனில் சொல்கிறாராம்.

குல்பாஷுக்கும் ஒரு கண்டனக் கடிதம் வந்தது. உயர் அதிகாரியிடம் வயர்லெஸ்ஸில் ஏணியைப் பற்றிப் பேசிய விதம் முறையற்றது என்று அதில் இருந்தது. படித்துப் பார்த்தாள். மூன்றாம் பத்தியில் துர்னாவின் இறக்கம் நாலு மீட்டர் ஒரு சென்டிமீட்டர் என்று தப்பாகப் போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போடாமல், எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினாள். தலைநகரில் திருத்தி, முத்திரை வைத்து, மறுபடி வர ஐந்து வாரம் ஆனது. இந்தத் தடவை எண் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்துவிட்டு, வந்துகொண்டிருந்த ஒரு பார்லிக் கப்பலிடம் குப்பை எத்தனை மூட்டை என்று கேட்டாள்.