தறிக்குழியில் ஐஸ் பார்

ஆரணியில் தசரதன் என்று ஒருவர் செத்து நாலு நாளாகிறது, ஐஸில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்ற செய்தியைத் தசரதன் களம்பூர் ரைஸ் மில் வாசலில்தான் கேள்விப்பட்டார்.

"எங்க மச்சான் சொன்னாரு," என்றார் உமி மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்த அருணகிரி. "தெனம் ஒரு பார் ஐஸ் அந்த வூட்டுக்குள்ள போவுதாம். துபாய்லேர்ந்து தம்பிக்காரன் வரணுமாம், அதுவரைக்கும் வெச்சிக்கினு இருக்காங்களாம்."

நான்தான் அது என்று சொல்லத் தசரதனுக்குக் கூச்சமாக இருந்தது. "ஆளு எப்படி?" என்று மட்டும் கேட்டார்.

"நல்ல மனுசன்தானாம். கொஞ்சம் கிராக்கு."

எண்பத்து நாலாம் வருஷத்துக் கத்திரி வெயில் அது. தறியைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டு, வீட்டு முன்னறையில் தசரதன் பாட்டுப் பதிவு செய்துவந்தார். சுவரெல்லாம் பழைய மெத்தை. ஜன்னலைத் திறந்தால் தெருவிலுள்ள அத்தனை தறிகளும் கூடவே பாடும். ஃபேன் போட்டால் மைக்குக்கு அதுதான் முதலில் கேட்கும். எல்லாவற்றையும் மூடினாலோ அறை இட்லிப் பானையாகிவிடும், ரெக்கார்டரின் பெல்ட் தளர்ந்து டேப் சோம்பலாக நகரும்; அதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் கீச்சென்று கேட்கும். அப்படிப் பதிவான பாடகி உண்ணாமலையின் அம்மன் பாட்டைப் போட்டுக் கேட்ட மெட்ராஸ் கேசட் கம்பெனிக்காரர், 'பாடுவது அம்மாவா, எல்.கே.ஜி. பாப்பாவா?' என்று கார்டு போட்டார்.

அதன்பிறகுதான் தறியை எடுத்த குழி தசரதன் கண்ணில் பட்டது. அதில் ஐஸ் பாரை இறக்கி, சுற்றிலும் உமியைத் திணித்து, மேலே பலகை போட்டு ரெக்கார்டரை வைத்தார். உண்ணாமலை கம்பளி போர்த்திக்கொண்டு பாடினாள். பல் கிட்டியது, ஆனால் டேப்பில் குரல் பிசகாமல் நின்றது.

அந்தக் கேசட் மெட்ராஸ் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, எதிர்த்த பட்டுக்கடை ஜெயச்சந்திரன் நம்பரில் பேசுவதாகக் கம்பெனிக்காரர் எழுதியிருந்தார். பிடித்திருந்தால் பத்து கேசட்டும் தசரதனுக்கு. போனில் ஆள் கிடைக்காவிட்டால் வேலூர் பார்ட்டிக்கு. ஆர்டர் கிடைத்துவிடும் என்ற தைரியத்தில் நாலு நாளாகத் தெருப்பக்கமே வராமல் மீதிப் பாட்டுகளைப் பதிந்தவர், அந்தத் திங்கட்கிழமை காலை இருட்டோடு கிளம்பிக் களம்பூருக்கு உமி வாங்க வந்திருந்தார்.

பஸ் பிடித்துத் தெருவுக்குள் நுழையும்போது மணி பத்து ஐம்பது. ஒரு தறிச் சத்தம்கூட இல்லை. வாழ்நாளில் முதல்முறையாகத் தெரு பதிவுக்குத் தோதாக இருந்தது. அவர் வீட்டு வாசலில் பாதிப் பந்தல் நின்றது.

"இன்னாடி இது?" என்றார் மனைவி கெங்கம்மாளிடம்.

"உள்ள யாரையும் வுடல. கதவத் தொறந்தா ஜில்லுப்பு போயிடும்னேன். அதுக்குத் தெருவே ஒரே அழுவை."

"களம்பூர் போயிருக்காருன்னு சொல்றதுதான?"

"சொன்னேங்க. பதினொண்ணுக்குள்ள வந்துடுவாருன்னும் சொன்னேன். பாவம், புத்தி பெரண்டுடிச்சின்னு எனுக்குத் தண்ணி குடுக்கறாங்க."

பந்தல்காரர் தங்கவேலு இவரைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தொழில் ஞாபகம் வந்தது. "பாதி போட்டாச்சிண்ணே. மீதியையும் போட்டுடறேன், வெயிலுக்கு ஆவும்."

எதிர்க்கடையில் போன் அடித்தது.

தசரதன் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினார். கடை பூட்டியிருந்தது. பிணம் எடுக்கும்வரை அந்தத் தெருவில் கடை திறப்பதில்லை.

"சாவி எங்க?"

"ஜெயச்சந்திரன் இடுப்புல. உனுக்கு மாலை வாங்கத்தான் போயிருக்காரு," என்றார் தங்கவேலு.

தெருமுனையில் ஜெயச்சந்திரன் தெரிந்தார். ஆள் உயர ரோஜா மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு, துக்கத்துக்குரிய நடையில் வந்துகொண்டிருந்தார்.

"ஜெயச்சந்திரா, சாவியக் குடு. ஜல்தி வா," என்று கத்திக்கொண்டே தசரதன் அவரை நோக்கி ஓடினார்.

ஜெயச்சந்திரன் நின்றார். நண்பரின் முகத்தைப் பார்த்தார். மாலையைக் கீழே போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வந்த வழியே ஓட்டமெடுத்தார்.

"செத்துப்போவலடா, நில்லுடா," என்றார் தசரதன். அதைக் கேட்டதும் ஜெயச்சந்திரனின் வேகம் இன்னும் கூடியது.

சேவூர் ரோட்டில் செத்தவர் துரத்த, சாவி போய்க்கொண்டிருந்தது. பூட்டிய கடைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது.