கூரையின் கீழ் ஒரு பெண்

முப்பத்தெட்டு வயதில் ஜப்பானிய மொழி படிக்கச் சேர்ந்தேன். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜப்பானில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ள நர்ஸ்கள் தேவை என்று கேள்விப்பட்டிருந்தேன். ஞாயிறு காலைகளில் ஒக்கலிபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறித் தொம்மலூரில் நடந்த வகுப்புக்குப் போவேன். கணவனை விட்டு வந்து அண்ணன் வீட்டில் இருந்த காலம் அது. அண்ணனுக்கு நான் படிப்பது பிடிக்கவில்லை.

ஒரு நாள் வாத்தியார் பலகையில் 安 என்று எழுதினார். அவர் ஜப்பானியர் இல்லை, எங்களைப் போலத் தமிழர்தான்.

"மேல இருக்கறது கூரை, கீழ இருக்கறது பொண்ணு. பொண்ணு வீட்டோட இருந்தா நிம்மதி. இனிமே மறக்காது பாருங்க."

வகுப்பே சிரித்தது.

"யாருக்கு சார் நிம்மதி?" என்று கேட்டேன்.

வாத்தியார் என் பக்கம் திரும்பினார். "ஞாபகம் வெச்சுக்க ஒரு கதை மேடம், அவ்ளோதான்."

"அப்ப நான் வேற கதை வெச்சுக்கறேன்."

திரும்பும்போது பஸ்ஸில் நோட்டை மடியில் வைத்து அதையே எழுதிப் பார்த்தேன். அந்தக் கூரைக்குச் சுவர் இல்லை, தூணும் இல்லை. காலை ஊன்றி நிற்கும் பெண்ணைத் தவிர அதைத் தாங்க எதுவுமே இல்லை. போன மழையில் எங்கள் வீட்டுத் தகரக் கூரை ஒழுகியபோது அண்ணன் ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஏணி வைத்து ஏறித் தார்ப்பாய் கட்டியது நான்தான். எழுத்து மனதில் ஒட்டிக்கொண்டது.

அந்த எழுத்து வரும் சொற்களை அதை வைத்தே பிடித்தேன். அன்ஷின் என்றால் மன அமைதி. அன்ஸே என்றால் அசையாமல் படுத்து ஓய்வெடுப்பது. ஆஸ்பத்திரியில் தினமும் நான் சொல்வது. யசுயி என்றால் மலிவு. நிம்மதிக்கும் மலிவுக்கும் ஒரே எழுத்தா என்று ஆத்திரம் வந்தது. ஆத்திரப்பட்டதாலேயே அந்தச் சொல் மறக்கவில்லை.

நோட்டைப் பார்த்த அண்ணன், "இந்த வயசுல இன்னாத்துக்கு இது? கம்முனு வீட்ல இருந்தா எல்லாருக்கும் நிம்மதி" என்றார்.

"எனக்கு இல்லண்ணா. நான் பரீட்சை எழுதப் போறேன்."

எழுதினேன், தேறினேன். வீடியோவில் நேர்காணல் நடந்தது. ஒரு ஜப்பானிய அம்மாள், தனியாக வர 'ஃபுவான்' இல்லையா என்று கேட்டார். அதே எழுத்துக்கு முன்னால் 'இல்லை' என்ற எழுத்தைச் சேர்த்தால் வரும் சொல். கலக்கம் என்று அர்த்தம்.

"கலக்கம்தான். ஆனாலும் வருவேன்" என்று ஜப்பானிய மொழியிலேயே சொன்னேன்.

வேலை கிடைத்ததைச் சொன்னதும் அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். தட்டை அவரே கழுவட்டும் என்று விட்டுவிட்டு, விசாவுக்குப் போட்டோ எடுக்கக் கிளம்பினேன்.