மதியத்தில் காணாமல் போன இரண்டு ஜி.பி.

எங்கள் தெருவில் சாக்கடைக்காகத் தோண்ட வந்தவர்கள் பிராட்பேண்ட் கேபிளையும் சேர்த்து வெட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு வாரத்தில் சரிசெய்வதாகச் சொன்னார்கள். எந்த இரண்டு வாரம் என்று நாங்கள் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. கார்த்திகையில் வெட்டியது மார்கழி பிறந்தும் அப்படியே கிடந்தது.

ஸ்ரீரங்கத்து வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் கணவர், என் மாமியார். கேபிள் போன பிறகு மூவருக்கும் சேர்த்து என் போன்தான் இணையம். தினமும் இரண்டு ஜி.பி. வரும் பேக். ஹாட்ஸ்பாட்டைப் போட்டு மாடி ஜன்னலோரம் வைத்துவிடுவேன். மாமியார் போனில் பேசுவதற்கு மட்டும்தான் ரீசார்ஜ். அவருக்கும் என் ஹாட்ஸ்பாட்தான்.

அந்த நேரம் பார்த்துதான் எனக்கு வேலை கிடைத்திருந்தது. எம்.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு ஆறு வருடம் சும்மா இருந்தவளுக்கு ஓர் ஆன்லைன் டியூஷன் கம்பெனி சிங்கப்பூரில் இருக்கும் ஆறு குழந்தைகளைக் கொடுத்திருந்தது. தினமும் மாலை நாலரைக்கு வகுப்பு. ஒரே மாதத்தில் மூன்று முறை வகுப்பு நடுவில் அறுந்தால் குழந்தைகளை வேறு டீச்சருக்குக் கொடுத்துவிடுவார்கள். சேரும்போதே சொல்லிவிட்டார்கள். நானும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினேன்.

வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின பத்து நாள் உற்சவமான பகல்பத்து ஆரம்பித்த அன்றே முதல் முறை அறுந்தது. நாலே முக்காலுக்கு, பின்னத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பெருக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, இன்றைய டேட்டா முடிந்தது என்று எஸ்.எம்.எஸ். வந்தது. வேகம் எறும்பு ஊர்வதுபோல ஆனது. வாயைத் திறந்தபடி என் முகம் அங்கே உறைந்து நின்றதாம். ஒரு குழந்தையின் அம்மா அதைப் படம் பிடித்து எனக்கே அனுப்பி, "டீச்சர் ஆர் யூ ஓகே?" என்று கேட்டிருந்தார். மறுநாளும் அதே கதை. இன்னும் ஒரு தடவை அறுந்தால் என் வேலை காலி.

விசாரணைக் கமிஷன் அமைத்தேன். தலைவரும் நானே, உறுப்பினரும் நானே. முதல் குற்றவாளி என் கணவர். கன்டோன்மென்ட்டில் ஆபீஸ். எட்டரைக்குக் கிளம்புவதற்குள் கிரிக்கெட் ஹைலைட்ஸ் பார்த்துவிடுவார்.

"நான் போனப்புறம் மத்தியானம் டேட்டா காலியானா அதுக்கும் நான்தானா?" என்றார். "டவர்ல உக்காந்துண்டு கம்பெனிக்காரன் திருடறான். நம்ம ஊர் ஆட்டோ மாதிரிதான் அவனும். வாயில வந்ததுதான் ரேட்."

எனக்கு இதைக் கேட்டால் பொறுக்காது. கணக்குப் படித்தவள் அல்லவா. உட்கார வைத்து விளக்கினேன். போனுக்கு வருவதும் எண்ணப்படும், போனிலிருந்து போவதும் எண்ணப்படும். நான் பாடம் நடத்தும்போது குழந்தைகளின் முகம் கீழே வருவதற்கும் என் முகம் மேலே போவதற்கும் சேர்த்துத்தான் டேட்டா கழியும்.

"உன் மூஞ்சி போறதுக்குமா எடுத்துக்கறான்?" என்றார். "அப்ப கேமராவை ஆஃப் பண்ணு. குழந்தைகளும் பயப்படாது."

கஸ்டமர் கேருக்கு போன் செய்தேன். அந்தப் பெண் மிக மரியாதையாக, "உங்க யூசேஜ்தான் காட்டுது மேடம்" என்றாள். எந்த நேரத்தில் என்று கேட்டேன். மதியம் இரண்டிலிருந்து நாலுக்குள் என்றாள். அந்த நேரத்தில் நான் மாடியில் மறுநாள் பாடம் எழுதிக்கொண்டிருப்பேன், நோட்டுப் புத்தகத்தில். கணவர் ஆபீசில். மாமியார் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கோயிலுக்குக் கிளம்பினால், அர்ஜுன மண்டபத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு ஆறரைக்குத்தான் வருவார். கூட்டத்தில் தொலைந்துவிடும் என்று போனைக்கூட எடுத்துப்போவதில்லை. வீட்டில் ஆளே இல்லாத நேரத்தில் டேட்டா கரைகிறது என்றால் சந்தேகம் எங்கே போகும்? பக்கத்து வீட்டுக்குத்தான். சுவருக்கு அந்தப்புறம் இருக்கும் காலேஜ் லெக்சரர் இரண்டு நாளாக என்னைப் பார்த்துச் சிரித்தது வேறு ஞாபகம் வந்தது.

பாஸ்வேர்டை மாற்றினேன். பெருமையாகக் கீழே இறங்கினேன். "ஏண்டி, என் போன்ல நெட் வரலையே" என்றார் மாமியார். பாவம், வாட்ஸ்அப்பில் யாராவது திருப்பாவை அனுப்பியிருப்பார்கள் என்று புதிய பாஸ்வேர்டை நானே, இந்தக் கையாலேயே, அடித்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் அன்றும் சிரித்தார். இன்னிக்குச் சிரியும் ஓய், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அன்று மதியம் நாலு மணிக்கு எஸ்.எம்.எஸ். வந்தது. தொண்ணூறு சதவீதம் தீர்ந்துவிட்டது. வகுப்புக்கு அரை மணி நேரம் இருக்கிறது, கையில் இருப்பது கொசுறு. ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்தால் இணைந்திருப்பது ஒரே ஒரு போன். பெயர் போட்டிருந்தது. மாமியாருடையது.

கீழே ஓடினேன். அவர் அறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்தால் உள்ளே மேஜை மேல் போன், சார்ஜரில் செருகியபடி, ஒரு எவர்சில்வர் டம்ளரில் சாய்த்து வைத்திருந்தது. திரை சுவரைப் பார்த்திருந்தது. எனக்கு அதன் முதுகுதான் தெரிந்தது. சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, யாரோ ஒரு பக்தர் போடும் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. அர்ஜுன மண்டபம், நம்பெருமாள், பாண்டியன் கொண்டை என்னும் கிரீடம், ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக மின்னும் முதல் தரத்தில். இவர் எந்தப் பெருமாளை நேரில் பார்க்கப் போயிருந்தாரோ அதே பெருமாள், ஆளில்லாத அறையில், என் செலவில்.

சட்டென்று நிறுத்தினேன். மிச்சம் இருந்த துளி டேட்டாவில் கேமராவை அணைத்து, குரலை மட்டும் வைத்து வகுப்பை ஒப்பேற்றினேன். அறுந்துவிடுமோ அறுந்துவிடுமோ என்று ஒரு மணி நேரமும் சிக்னலைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினேன். அறுந்துபோகவில்லை. பிழைத்தேன்.

ஆறரைக்கு மாமியார் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, கோயிலுக்குப் போறச்சே வீடியோவை ஆஃப் பண்ணிட்டுப் போக மாட்டேளா?"

"யாரும் தொடலையே. அது பாட்டுக்குத்தானே இருந்தது?"

"தொட்டாத்தான் கணக்குன்னு இல்லைம்மா. யாராவது பாக்கறாளா, இல்லையான்னு கம்பெனிக்காரனுக்குத் தெரியாது. திரை ஓடிண்டிருந்தா எண்ணிண்டே இருப்பான். ஒருத்தரும் பாக்காம ரெண்டு ஜி.பி. போயிடுத்து. என் வேலையே போயிருக்கும், தெரியுமோ?"

அவர் கோபப்படவில்லை. "எத்தனை மணிக்கு நிறுத்தினே?" என்று மட்டும் கேட்டார்.

"நாலு, நாலேகாலுக்கு."

"அப்ப அரையர் சேவைல பாசுரம் நடந்துண்டிருந்திருக்கும்" என்றார். பிறகு, "ஒருத்தரும் பாக்கலைன்னு யார் சொன்னா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் போன் பார்த்துக்கொண்டிருந்த சுவரில் மாட்டியிருப்பது மாமனாரின் படம். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். ரிடையர் ஆன பிறகு பகல்பத்தில் ஒரு நாள்கூடத் தவறாமல் மண்டபத்தில் போய் நின்றவர். காலமாகி மூன்று வருடம் ஆகிறது.

"மூணு வருஷமா இப்படித்தான் வச்சுட்டுப் போறேன்" என்றார் மாமியார். "நான் மட்டும் சேவிச்சுட்டு வந்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. இது கணக்குல வரும்னு எனக்குத் தெரியாதுடி."

மூன்று வருடமும் கேபிள் இருந்தது. எவ்வளவு ஓடினாலும் யாரும் எண்ணாத கேபிள். அதனால் அதே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியவே இல்லை. கமிஷனை அந்த இடத்திலேயே கலைத்தேன்.

மறுநாள் இரண்டு மணிக்கு நானே அவர் அறைக்குப் போனேன். போனை டம்ளரில் சாய்த்தேன். நேரலையைப் போட்டு, படத்தின் தரத்தை இருப்பதிலேயே கீழானதுக்கு இறக்கினேன். அதில் ஓடினால் மாலை வரைக்கும் கால் ஜி.பி.கூடப் போகாது, என் வகுப்புக்கும் தாராளமாக மிஞ்சும். ஆனால் பெருமாள் பெருமாளாக இல்லை. கொண்டையும் தெரியவில்லை, திருமுகமும் தெரியவில்லை. பொன் நிறத்தில் ஏதோ கலங்கலாக அசைந்தது. மடிசார் கட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்ற மாமியாரிடம் கூனிக் குறுகி, "மன்னிச்சுக்கோங்கோ அம்மா, இதுக்கு மேல வச்சா கிளாஸுக்குப் பத்தாது" என்றேன்.

அவர் குனிந்து திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இருக்கட்டும்டி" என்றார். "கேடராக்ட் ஆபரேஷன் பண்ணிக்க மாட்டேன்னு கடைசி வரைக்கும் அடம் பிடிச்சார். அந்தக் கடைசி நாலு வருஷமும் அவர் போய் நின்னு சேவிச்சதெல்லாம் இப்படித்தான் தெரிஞ்சிருக்கும்."