கதையில் ஒரே ஒரு நல்லவள்

பிலோமி அக்கா எங்கள் கல்லூரி நூலகத்தில் முப்பத்தோரு வருஷமாக உதவியாளர். முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது அந்த நாவல் வந்து சேர்ந்தது.

எழுதியவள் இந்துமதி, எங்கள் பழைய மாணவி. பழம்பாட்டும் ஏட்டுச்சுவடியுமாகத் திரியும் ஐந்து கெட்டிக்கார மாணவிகள், உடன்குடியிலிருந்து வந்த ஏழைப் பெண்ணொருத்தியை வதைத்தே சாகடிக்கிற கதை. கல்லூரியில் தமிழ் நடத்தும் நான்தான் அதை அக்காவிடம் கொடுத்தேன். மூன்று நாளில் முடித்துவிட்டார். ஒருத்தியையும் பிடிக்கவில்லை, எல்லாம் திமிர் பிடித்ததுகள், ஆனால் கீழே வைக்கவும் முடியவில்லை என்றார். முகம் வாடிக் கிடந்தது.

கதையில் நல்லவள் ஒருத்திதான். அந்தப் பெண்ணை உட்காரவைத்து, டீ கொடுத்து, அவள் அழுவதைக் கேட்கிற நூலகக்காரி. பெயரை மாற்றியிருந்தாலும் அது யாரென்று கல்லூரிக்கே தெரியும். இந்துமதிக்கு நடக்கப்போகும் பாராட்டு விழாவில் அக்காவுக்கும் பொன்னாடை என்று முதல்வர் அறிவித்துவிட்டார்.

அக்கா மாட்டேன் என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை வருஷத்தில் ஒருவரும் செய்யாத மரியாதை, வாங்கிக்கொண்டால் என்னவாம்?

அப்போதுதான் சொன்னார். நிஜத்தில் அந்தப் பெண் செல்லக்கனி, அதே உடன்குடிக்காரி. சாகவில்லை, படிப்பை விட்டுவிட்டுப் போனாள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நூலகத்துக்கு வந்து, கொஞ்ச நேரம் உள்ளே இருந்துகொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அக்காவுக்குத் தன் ஊரான கீழவைப்பாருக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நாளைக்கு வா என்று சொல்லிப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். பன்னிரண்டு வருஷமாக அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

விழாவன்று இந்துமதி நேராக நூலகத்துக்கு வந்தாள். அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நான் டீயெல்லாம் குடுக்கல இந்து. வெளிய அனுப்பிப் பூட்டுனேன். பொன்னாடை எனக்கு வேண்டாம்."

"தெரியும்க்கா. நாங்க அஞ்சு பேரும் மரத்தடியில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். அவ வெளிய வரட்டும்னுதான் நின்னோம்."



"பின்ன ஏம்ளா டீ குடுத்தேன்னு எழுதுன?"

"யாராவது ஒருத்தராவது குடுத்திருக்கணும்லாக்கா."

"அவ இப்ப எங்கன இருக்கா?"

இந்துமதிக்குத் தெரியவில்லை. முந்நூறு பக்கம் எழுதியவள் ஒருமுறைகூட விசாரித்ததில்லை. அக்காவும் விசாரித்ததில்லை. செல்லக்கனிக்கு வகுப்பெடுத்த நானும்தான்.

உடன்குடிக்கு இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.